கை எடுத்தாச்சு

ஜெயப்பிரியாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே இந்தக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. "பொண்ணு இன்னா வேல பார்க்குது?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார். வீட்டில் யாரும் வாயைத் திறப்பதற்குள் அவளே, "டிரைவ் சர்வீஸ்" என்று சொல்லிவிட்டாள். பெரியப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "காரா, லாரியா?" என்றார். இருந்த அத்தனை பேரும் திருதிருவென்று விழிக்க, மாப்பிள்ளை ஜெகன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன், டிரைவ் என்றால் என்னவென்று தெரிந்தவன். அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாக அவள் இன்றும் சொல்வாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. உத்திரமேரூர் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள் இன்னமும் 'டிரைவர் பொண்ணு'தான். மீதிப் பேருக்கு 'இன்வெர்ட்டர் பொண்ணு'. அவள் பழுது பார்க்கிற டிரைவ் என்கிற பெட்டிக்கு இன்னொரு பெயர் அது. ஆனால் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனால் ஃபேன் ஓடுவதற்கு வீட்டில் வைத்திருப்பது என்றுதான் அர்த்தம். அதனால் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வந்துவிட்டுப் போம்மா என்று மாதத்துக்கு இரண்டு போனாவது வந்துவிடும். அவளும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவாள். ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?

அவள் பார்க்கிற பெட்டி வேறு. ரைஸ் மில், மாவு மில், கல் உடைக்கிற இடம் என்று பெரிய மோட்டார் ஓடுகிற எல்லா இடத்திலும் சுவர் ஓரத்து இரும்புப் பேனலுக்குள் அது உட்கார்ந்திருக்கும். வருகிற கரண்டை வாங்கி, மோட்டாருக்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு அளந்து கொடுக்கும். வோல்டேஜ் இறங்கினாலோ, சூடு ஏறினாலோ, மோட்டார் பாரம் தாங்காமல் திணறினாலோ முதலில் வார்னிங் காட்டும். அதற்கு மேலும் போனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, தன் சின்னத் திரையில் இரண்டே எழுத்தில் காரணத்தை எழுதிவைக்கும். 'ட்ரிப் ஆயிடுச்சு' என்று மில்லில் சொல்வது இதைத்தான். அந்த இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கே கோளாறு என்று தேடிப் போவதுதான் ஜெயப்பிரியாவின் தொழில்.

அவள் அப்பா தென்னேரி ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்டவர். அவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் எடுத்தபோது வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். நாலு வருஷம் கம்பெனியில் இருந்தாள். மகள் பூஜா பிறந்த பிறகு ஷிப்டு ஒத்துவரவில்லை என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறைக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் வருஷம், "ஆம்பள யாரும் வரலியா?" என்று கேட்ட முதலாளிகளே மறுவருஷம், "வேற யாரையும் அனுப்பிடாதம்மா, நீயே வா" என்றார்கள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. கெட்டிக்காரி என்பது அவளுக்கும் நன்றாகத் தெரியும் என்பதுதான் பின்னால் வந்த வம்பு.

அவளுக்கென்று ஒரு வாக்கியம் உண்டு: "பெட்டி பொய் சொல்லாது, ஆளுங்கதான் சொல்லுவாங்க." இது சும்மா வந்ததில்லை. ஒரு மில்லில் டிரைவ் சூடாகிச் சூடாகி நின்றது. ஆப்பரேட்டர், "நான் எதையும் தொடலம்மா" என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தான். அவள் பேனலைத் திறந்து, டிரைவின் ஃபேனைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய வேட்டியை உருவி எடுத்தாள். தவிட்டுத் தூசு உள்ளே போகக் கூடாது என்று பாவம் அவன்தான் கட்டியிருந்தான். இப்படி ஏழெட்டு வேட்டி, துண்டு, ஒரு பாவாடை கூட உருவியிருக்கிறாள். அதனால் மில்லுக்குள் நுழைந்ததும் ஆளைக் கேட்பதை விட்டாள், நேராகத் திரையைப் பார்த்தாள். ஆள் சொல்வதைக் காதில் வாங்கினாலும் மனசில் வாங்குவதில்லை.

காவாந்தண்டலம் போகிற வழியில் இராமச்சந்திரன் என்பவரின் ரைஸ் மில் இருக்கிறது. பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம், மில் அவர் கட்டியது. அங்கே ஆப்பரேட்டர் சின்னராசு. அவனுடைய அக்கா எல்லம்மாளும் அங்கேதான் வேலை செய்தாள். நெல்லைக் கீழிருந்து மேலே தூக்குகிற எலிவேட்டரின் அடியில் அவளுக்கு வேலை. பெல்ட்டில் வரிசையாகக் கோத்த இரும்புக் கிண்ணங்கள் கீழே நெல்லை அள்ளிக்கொண்டு மேலே போகும். சில நேரம் அடியில் நெல் அடைத்துக்கொள்ளும். மெஷின் நின்றதும் கதவைத் திறந்து கையால் வாரி வெளியே தள்ள வேண்டும்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மெஷினையும் போடுவதற்கு முன்னால் சின்னராசு பேனல் பக்கத்தில் நின்று, "கையெடு! கையெடு! கையெடு!" என்று மூன்று தரம் குரல் கொடுப்பான். மெஷின்களில் வேலை செய்கிற பெண்கள் பதில் கொடுக்க வேண்டும். நெல் காயவைக்கிற டிரையரின் இரைச்சலில் மற்றவர்கள் குரல் எடுபடாது. எல்லம்மாளின் குரல் மட்டும் கணீரென்று வரும்: "எடுத்தாச்சு!" அதைக் கேட்ட பிறகுதான் பச்சைப் பட்டன். ஒன்பது வருஷமாக ஒரு நாளும் இது தவறியதில்லை. குரல் கொடுத்துக் கொடுத்து சின்னராசுவுக்குத் தொண்டை கட்டிப்போய், கல்யாண வீட்டில் பேசினாலும் கத்துவது போலவே இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் தை மாதம், அறுவடை முடிந்து நெல் மலையாக வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். லைனில் வோல்டேஜ் இறங்கி இறங்கி எலிவேட்டரின் டிரைவ் ஒரு நாளைக்கு இருபது தடவை ட்ரிப் ஆனது. சின்னராசு டிரையருக்கும் பேனலுக்கும் ஓடி ஓடிக் கால் வீங்கிப் போனான். "இன்னாவது பண்ணு பிரியாம்மா, செத்துடுவேன் போலக் கீது" என்றான். ஜெயப்பிரியாவுக்கு இரக்கமாக இருந்தது. டிரைவில் ஆட்டோ ரீசெட் என்று ஒரு வசதி உண்டு. ட்ரிப் ஆனால் ஆள் வந்து பட்டனைத் தொட வேண்டியதில்லை. பெட்டியே பத்து விநாடி காத்திருந்து, தன்னைத் தானே சரிசெய்துகொண்டு மோட்டாரை ஓட்டிவிடும். வோல்டேஜுக்கு மட்டும் என்று தனியாகப் போட அந்த மாடலில் வழியில்லை. போட்டால் எல்லா ட்ரிப்புக்கும் சேர்த்துத்தான். நாலு வாரம்தானே, சீசன் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று போட்டாள். சின்னராசுவிடம், "இனிமே நீ ஓட வேணாம்ணா" என்றாளே தவிர, என்ன செய்தாள் என்று விளக்கவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று பேனல் கதவிலேயே மார்க்கரால் எழுதியும் வைத்தாள்.

சீசன் முடிந்தது. புது டிரான்ஸ்பார்மர் வந்தது, வோல்டேஜ் சரியானது, அந்த ட்ரிப்பே இல்லை. ட்ரிப் இல்லாததால் அவளுக்கு அந்த மில்லில் வேலை இல்லை. எலிவேட்டர் எப்போதாவது அடைத்து நின்றபோதும் சின்னராசு பேனல் பக்கத்திலேயே இருந்து ஸ்விட்சை அணைத்துவிட்டதால் எதுவும் வெளியே தெரியவில்லை. எடுக்க வேண்டியதை எடுக்காமலேயே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இந்தப் புரட்டாசியில் சின்னராசு போன் செய்தான். அப்போது அவள் வேறொரு மில்லில் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிரியாம்மா, எலிவேட்டரு அடச்சிக்கினு நிக்குதும்மா. நான் பேனலாண்ட போறதுக்குள்ள தானா எழுந்துக்குது."

"தானா எழுந்துக்குதா? எந்த சாமிண்ணா வந்து பட்டனப் போடுது? முனீஸ்வரனா?"

"வெளயாட்டு இல்லம்மா. கண்ணால பார்த்தேன்."

"கரண்டு போயிப் போயி வந்திருக்கும்ணா. வர்றேன், வந்து பாக்குறேன்."

அவள் போகவில்லை. சின்னராசு முதலாளியிடமும் சொல்லியிருக்கிறான். இராமச்சந்திரன் பேனல் மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டச் சொன்னார். ஆயுத பூஜைக்கு ஜெயப்பிரியாவையும் கூப்பிட்டிருந்தார்கள். போனவள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, சாமி இன்னிக்கு எழுந்துச்சா?" என்றாள். மில்லே சிரித்தது. எல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சின்னராசுவும் கூடச் சேர்ந்து சிரித்தான், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜெயப்பிரியா தட்டிலிருந்து சந்தனத்தைத் தொட்டுப் பேனல் கதவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, பொரி கடலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் எலிவேட்டர் அடைத்துக்கொண்டு நின்றது. சின்னராசு ஸ்விட்சை அணைக்கப் பேனலை நோக்கி நடந்தான். எல்லம்மாள் வழக்கம்போலக் கதவைத் திறந்து நெல்லை வாரினாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. வலது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பியபோது சின்னராசு பேனலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

பிறகு சொல்லவா வேண்டும்? குரல் கொடுக்காமல் போட்டுவிட்டான் என்று மில் முழுக்கப் பேசியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த எல்லம்மாள் கேட்டதும் அதைத்தான்: "கூடப் பொறந்தவன், ஒரு கொரல் குடுக்காமப் போட்டுட்டானே!" முதலாளி அவனை வேலைக்கு வர வேண்டாம் என்றார். போலீசில் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதினேழாம் நாள் முதலாளியிடமிருந்து ஜெயப்பிரியாவுக்குப் போன் வந்தது.

அவள் வண்டியை நிறுத்தும்போது மில் வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் சின்னராசு உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, ஆளே பாதியாகியிருந்தான். உள்ளே விடாததால் தினமும் அங்கே வந்து உட்கார்வதாக டீக்கடைக்காரர் சொன்னார்.

"பிரியாம்மா," என்று எழுந்து வந்தான். அந்தக் கத்துகிற தொண்டையில் சத்தமே இல்லை. "நீ பொட்டியப் பார்த்து சொல்லு. நான்தான் போட்டேனா?"

"போட்டியான்னு உனக்குத் தெரியாதாண்ணா?"

"மொதல்ல தெரிஞ்சுது. போடலன்னுதான் சொன்னேன். பதினேழு நாளா எல்லாரும் சொல்லிக்கினே கீறாங்க. அக்காவே சொல்லுது. பட்டன் மேல கை வெச்சேனா, வெக்கலியா, இப்ப எனக்கே தெர்ல." அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெச்சிருப்பேன் போலக் கீது."

ஜெயப்பிரியா வண்டியிலிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உள்ளே போனாள்.

இராமச்சந்திரன் பேனல் பக்கத்திலேயே காத்திருந்தார். "வாம்மா. பெரிய வேல ஒண்ணுமில்ல. 'டிரைவில் பழுது ஏதும் இல்லை, சரியாக இயங்குகிறது'ன்னு உன் கடை லெட்டர்ல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. நமக்கு இந்தப் பேஜார்லாம் வேணாம்."

"பார்த்துட்டு எழுதறேன் சார்."

அவள் கதவைத் திறந்து டிரைவின் பட்டன்களை அழுத்தினாள். கடைசியாக வந்த பத்து ட்ரிப்பையும் அது ஞாபகம் வைத்திருக்கும். பத்தும் ஓ.எல்., அதாவது மோட்டார் பாரம் தாங்காமல் நின்றது. எலிவேட்டர் அடைத்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சரி, நின்றது. பிறகு எப்படி எழுந்தது? அடுத்து, கம்பெனி வைத்து அனுப்பியதிலிருந்து என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தாள். அது பூட்டியிருந்தது. நாலு எண் போட்டால்தான் திறக்கும். அவளுடைய விரல்கள் யோசிக்காமலேயே ஒன்று, நாலு, பூஜ்யம், எட்டு என்று போட்டன. ஆகஸ்ட் பதினாலு, பூஜா பிறந்த நாள். அவள் பூட்டு அது, அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆட்டோ ரீசெட்: 5, அதாவது ஐந்து தடவை வரை. காத்திருக்கும் நேரம்: 10.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. யாரோ செய்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தை மாதமும், நெல் மூட்டைகளும், சின்னராசுவின் வீங்கிய காலும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கதவில் எழுதினோமே என்று கதவைச் சாத்தி வெளிப்பக்கம் பார்த்தாள். மூன்று ஆயுத பூஜையின் விபூதிப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் அங்கே அடை அடையாகக் காய்ந்திருந்தன. நகத்தால் சுரண்டினாள். சந்தனம் பெயர்ந்து விழ விழ, கீழே அவள் கையெழுத்து வந்தது: 'ஆட்டோ ஆன். சீசன் முடிஞ்சதும் எடுக்கணும். ஜெ.' மேலே இருந்த பொட்டுகளில் ஒன்று அவளே வைத்தது.

'தானா எழுந்துக்குது.' அவன் ஒரு வார்த்தை கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கவில்லை. ஆட்டோ ரீசெட் என்பதைத் தமிழில் சொல்லச் சொன்னால் இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. பெட்டி ட்ரிப் ஆகும் முன் காட்டுகிற வார்னிங்கை எவ்வளவோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். ஒரு மனுஷன் போன் போட்டு வாய்விட்டுச் சொன்ன வார்னிங்குக்கு அவள் முனீஸ்வரனா என்று கேட்டாள்.

அப்போது இன்னொன்றும் தோன்றியது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. 5 என்பதை 0 ஆக்க ஐந்து அழுத்து போதும். யார் மாற்றியது, எப்போது மாற்றியது என்று அந்தப் பெட்டி குறித்துவைப்பதில்லை. அப்புறம் 'டிரைவில் பழுது ஏதும் இல்லை' என்று எழுதலாம். அது பொய்கூட இல்லை. டிரைவில் உண்மையிலேயே பழுது இல்லை, என்ன செய்யச் சொன்னாளோ அதைத்தான் செய்திருக்கிறது. எண்ணைக் குறைக்கிற பட்டன் மேல் அவள் விரல் இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று அவளுக்கே தெரியாது. எதிரே டீக்கடையில் ஒருவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

விரலை எடுத்தாள். திரையையும் கதவு எழுத்தையும் போனில் படம் எடுத்தாள். மெயின் ஸ்விட்சை அணைத்து, தன் பையிலிருந்த பூட்டைப் போட்டுப் பூட்டினாள்.

"சார், சின்னராசு போடல. இது தானா எழுந்துருக்கு. தானா எழுந்துக்கச் சொல்லி நான்தான் வெச்சுட்டுப் போனேன்."

இராமச்சந்திரன் அவளையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். "உனக்குப் பைத்தியமா? உன் பேரும் கெடும், என் மில்லுக்கும் கெடும். அவன் ஆப்பரேட்டரு, நாலு நாள்ல வேற மில்லுல சேந்துக்குவான்."

"அவங்க அக்காகிட்ட எப்படி சார் சேருவான்?"

"அது அவங்க வூட்டு விஷயம்மா!"

"நான் செஞ்சதுதான சார் அவங்க வூட்டு விஷயமாயிடுச்சு."

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். டிரைவில் பழுது இல்லை என்றும் எழுதினாள். அதற்குக் கீழே தான் என்ன வைத்தாள், ஏன் வைத்தாள், எடுக்க மறந்தது, ஆப்பரேட்டர் சொல்லியும் வந்து பார்க்காதது எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் போனில் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு அனுப்பினாள். இனி இந்த வாசல் மிதிக்காதே என்றார் இராமச்சந்திரன். அவர் மட்டுமில்லை, மூன்று மில்காரர்கள் அதோடு அவளைக் கூப்பிடுவதை விட்டார்கள். விசாரணைக்கென்று இரண்டு முறை காஞ்சிபுரம் போய்வந்தாள், இன்னும் முடியவில்லை. வட்டாரத்தில் அவள் கை வைத்த பெட்டி அத்தனையையும் தேடிப்போய்த் திறந்து பார்த்துவிட்டாள். இப்போதெல்லாம் யாராவது போனில் பேய் பிசாசு என்று ஆரம்பித்தால்கூட, "சொன்னத இன்னொரு வாட்டி அப்படியே சொல்லுங்க" என்று கேட்டு, சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புகிறாள். 'பெட்டி பொய் சொல்லாது' என்ற வாக்கியத்தை ஜெகன்கூட அவள் வாயிலிருந்து மறுபடி கேட்கவில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று வெளியே வந்ததும் நேரே சின்னராசுவிடம் போனாள்.

"அண்ணா, நீ போடல. நான் வெச்சதுதான் எழுந்துச்சு. நீ அன்னிக்கே சொன்ன. நான் கேக்கல."

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள். அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் கொரல் குடுக்காமப் போடலியே?"

"இல்லண்ணா."

அவன் டீக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்காவாண்ட நீ வந்து சொல்லு. நான் சொன்னா நம்பாது," என்றான். அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு காவாந்தண்டலத்துக்கு வண்டி ஓட்டினாள்.

எல்லம்மாள் வீடு ஏரிக்கரைத் தெருவில் இருந்தது. சின்னராசு வேலி வரை வந்து நின்றுகொண்டான். இந்தப் பதினேழு நாளில் அந்த வேலியைத் தாண்டி அவன் போனதில்லை. ஜெயப்பிரியா மட்டும் உள்ளே போனாள்.

எல்லம்மாள் வலது கையைக் கட்டோடு மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பழக்கமில்லாத கை, இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது. ஜெயப்பிரியா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆட்டோ, ரீசெட் என்ற வார்த்தைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

"நின்னா பத்து எண்ணிட்டு, தானா எழுந்துக்கோன்னு அந்தப் பெட்டிக்கு நான்தான் சொல்லி வெச்சேன்க்கா, மூணு வருசத்துக்கு முன்னால. எடுக்க மறந்துட்டேன். உன் தம்பி பட்டனத் தொடவே இல்ல."

எல்லம்மாள் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. "தானா எழுந்துக்குதுன்னு அவன் உன்னாண்ட சொன்னான் இல்ல?"

"சொன்னான்."

"நீ இன்னா பண்ண?"

"சிரிச்சேன்க்கா."

இடது கை நின்றது. எல்லம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஜெயப்பிரியா அழுதுவிட்டாள். அழக் கூடாது, அழுதால் ஆறுதல் கேட்பதுபோல ஆகிவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள்தான்.

"நானுந்தான் சிரிச்சேன்," என்றாள் எல்லம்மாள். "பூஜ அன்னிக்கு. கூடப் பொறந்தவன் சொல்றான், நம்பல, சிரிச்சேன்." கீரையில் சேர்ந்து வந்த ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, "உன்ன மன்னிக்கறேனா இல்லியான்னு இப்பக் கேக்காத. ராத்திரில இல்லாத வெரல் வலிக்குது. அது நிக்கட்டும், அப்பால பாக்கலாம்."

"சரிக்கா."

"ஒம்போது வருசம். கொரல் குடுக்காம அவன் ஒரு நாள் போட்டது கெடையாது. ஜொரத்துல கெடந்து வந்தப்பகூட, வெறும் காத்தா வந்த தொண்டையால கத்திட்டுத்தான் போட்டான். அன்னிக்குக் கொரல் வரல. கொரல் வரலன்னா அவன் போடலன்னுதான அர்த்தம்? இது எனக்குத் தெரிய வேணாமா? கொரல் வரல, கொரல் வரலன்னு அதையே சொல்லி அவனத் திட்டிக்கினு கீறேன்!"

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க கீறான் அவன்?" என்று கேட்டாள்.

"வேலியாண்ட நிக்கிறான். கூப்பிட்டாதான் வருவான்."

எல்லம்மாள் இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னராசு தலையைக் குனிந்து, செருப்பால் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. டிரையர் இரைச்சலுக்கு மேலே கேட்கிற அந்தப் பழைய குரலில், தெருவே திரும்பிப் பார்க்க, ஒரு வார்த்தை கத்தினாள்.

"எடுத்தாச்சு!"

சின்னராசு நிமிர்ந்தான். வாயைத் திறந்தான், அவன் கொடுக்க வேண்டிய குரல் வரவில்லை. வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.